நால்வர் சேர்ந்தால் ஏன் சீக்கிரம் தோற்கிறோம்? ரிஸ்க் ஆஃப் ரெயின் 2 கூட்டாட்டம் பற்றி ஒரு விவாதம்

வாசகர் கேள்வி, 11 பிப்ரவரி 2023

ரிஸ்க் ஆஃப் ரெயின் 2 என்னும் சுடும் கணினி ஆட்டத்தைத் தனியாக ஆடும்போது, ரெயின்ஸ்டார்ம் என்னும் நடுத்தரக் கடின நிலையில் பெரும்பாலும் கடைசி எதிரியான மித்ரிக்ஸ் வரை போய்விடுகிறேன். கல்லூரி நண்பர்கள் மூவருடன் சேர்ந்து ஆடினால் நான்காவது கட்டத்தைத் தாண்டுவதே அபூர்வமாக இருக்கிறது. நால்வருக்குமே சுடத் தெரியும். துப்பாக்கி நான்கானால் வேலை குறைய வேண்டாமா? இந்த ஆட்டமே தனி ஆளுக்காகச் செய்யப்பட்டது, கூட்டாட்டம் பெயருக்கு ஒட்டவைக்கப்பட்டது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

11 பிப்ரவரி 2023, இரவு 10.40

மறுக்கிறேன். ஹோப்பூ கேம்ஸ் இந்த ஆட்டத்தை 2019 மார்ச் 28 அன்று ஸ்டீம் இணையக்கடையில் முன்வெளியீடாகக் கொண்டுவந்தபோது, தொடக்கத்தில் வாங்கியவர்களுக்கு நண்பருக்குக் கொடுப்பதற்கென்று இன்னொரு பிரதி இலவசமாகக் கிடைத்தது. தனி ஆளை மனத்தில் வைத்து ஆட்டம் செய்தவர்கள் அப்படி விற்றிருக்கமாட்டார்கள். அந்நிறுவனத்தைத் தொடங்கிய டங்கன் டிரம்மண்டும் பால் மோர்ஸும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் உருவாக்கி 2013இல் வெளியிட்ட முதல் ரிஸ்க் ஆஃப் ரெயின், பக்கவாட்டில் ஓடிச் சுடும் ஆட்டம். அதிலேயே நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வழி இருந்தது.

ஆனால் நீங்கள் கண்டது உண்மை. நால்வராக ஆடும்போது, தனியாக ஆடும் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் தோற்பது இயல்பு. அதற்கான காரணம் கணக்கில் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் கடினம் என்பது ஒரே ஓர் எண். அதற்கு ஆட்களின் பங்கு ஒருவருக்கு 1. கூடச் சேரும் ஒவ்வொருவருக்கும் 0.3 ஏறும், ஆகவே நால்வருக்கு 1.9. அதனுடன் ஓடிய நிமிடங்களின் பங்கு சேரும். அந்தப் பங்கு வளரும் வேகம் தனி ஆளைவிட நால்வருக்கு 1.32 மடங்கு. இப்படி வந்த கூட்டுத்தொகை, முடித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் 1.15ஆல் பெருக்கப்படும். ரெயின்ஸ்டார்மில் நான்கு கட்டங்களை முடித்துவிட்டு முப்பதாவது நிமிடத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால், தனி ஆளுக்கு அந்த எண் ஏறத்தாழ 7, நால்வருக்கு 10.3. எதிரிகளின் லெவலாகச் சொன்னால் முன்னவருக்கு 19, பின்னவர்களுக்கு 26. எதிரியின் ஒவ்வொரு லெவலுக்கும் அடிப்படை உயிரில் 30 சதவீதமும் அடிப்படைத் தாக்குதலில் 20 சதவீதமும் கூடுவதால், நால்வர் சந்திக்கும் ஒவ்வோர் எதிரிக்கும் மூன்றில் ஒரு பங்கு உயிர் அதிகம், அடி சுமார் 30 சதவீதம் பலம்.

உயிர் கூடியது பெரிய சுமை அல்ல, சுடுவதற்கு நான்கு பேர் இருக்கிறோம். அடி கூடியதுதான் சுமை. அந்த அடியை நான்கு பேரும் பங்கிட்டு வாங்குவதில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் வாங்குகிறோம்.

11 பிப்ரவரி, இரவு 11.25

பலம் கூட்டும் பொருட்கள் கிடைக்கும் பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு பாதியில் நிற்கும்.

ஒரு கட்டத்தில் எத்தனை பெட்டிகளும் கோயில்களும் விற்பனை முனையங்களும் முளைக்கும் என்பதற்கு ஆட்டம் ஒரு வரவுசெலவுத் தொகை வைத்திருக்கிறது. அத்தொகையில் பாதி நிலையானது, மறுபாதி தலைக்கு இவ்வளவு என்று ஏறுவது. தனி ஆளுக்கு 1 என்றால் இருவருக்கு 1.5, மூவருக்கு 2, நால்வருக்கு 2.5. தலைக்கு வகுத்தால் இருவராக ஆடும்போது முக்கால் பங்கு. நால்வராக ஆடும்போது 62.5 சதவீதம். அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் வாயிலான டெலிபோர்ட்டரைத் தொடங்கும்போது வரும் பெரிய எதிரி (பாஸ்) தரும் பொருள் தலைக்கு ஒன்றாக விழுவதால் அதில் குறை இல்லை.

எனவே நால்வரில் ஒவ்வொருவரும் தனியாக ஆடியபோது பெற்ற பெட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலமுள்ள எதிரியை எதிர்கொள்கிறோம். உங்கள் சுடும் திறமையில் குறை தேட வேண்டியதில்லை.

12 பிப்ரவரி, காலை

இரவில் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, எண்களைச் சொன்ன அளவுக்கு நிமிடங்களைச் சொல்லவில்லை என்று பட்டது. என் அனுபவத்தில் கூட்டாட்டம் தோற்பதற்குப் பொருள் குறைவைவிடப் பெரிய காரணம் நேரம்.

எங்கள் குழுவில் நான்கு பேர். கேப்டன் ஆடுபவர் எங்கள் எல்லோரைவிடவும் வயதில் மூத்தவர், அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்து பிறகு நண்பரானவர். ஹன்ட்ரஸ் ஆடுபவன் என் சித்தி மகன். என்ஜினியர் ஆடுபவர் பள்ளிக்கால நண்பர். நான் லோடர். ஒரு பெரிய பெட்டியைத் திறந்து, வெள்ளையைவிட அரிதான பச்சைப் பொருள் ஒன்று தரையில் விழுந்தவுடன் எங்களிடையே நடக்கும் உரையாடல் நீண்ட நாள் இப்படித்தான் இருந்தது.

"அண்ணா, நீங்க எடுங்க."

"எனக்கெதுக்குப்பா, நீ எடு. உனக்குத்தான் உயிர் கம்மி."

"இல்லண்ணா, எனக்குப் போன கட்டத்துல கிடைச்சிருச்சு."

"லோடருக்குக் குடுத்துரலாமா?"

"நான் அந்தப் பக்கம் இருக்கேன், வர நேரமாகும். யாராச்சும் எடுத்துக்கங்க."

இது நல்ல மனம் உள்ளவர்களின் பேச்சு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. ஐந்தாவது கட்டத்தில், ரெயின்ஸ்டார்மில், நால்வர் ஆடும் ரன்னில் (தொடக்கம் முதல் முடிவு வரையான ஓர் ஆட்டத்தில்) ஒரு நிமிடத்துக்கு எதிரிகள் ஏறத்தாழ 0.7 லெவல் ஏறுகிறார்கள். ஒரு கட்டம் முழுக்க இத்தகைய உபசாரங்கள் சேர்ந்து மூன்று நிமிடத்தைத் தின்றுவிட்டால், இரண்டு லெவலைப் பரிசாகக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். தனியாக ஆடும்போது இந்தச் செலவு முற்றிலும் இல்லை. கீழே கிடப்பது எதுவானாலும் ஓடிக்கொண்டே எடுத்துவிடுகிறோம்.

ஆகவே என் முதல் பரிந்துரை எளியது. யார் எந்த வகைப் பொருளை எடுப்பார் என்பதை ரன் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். வழியில் பேச்சு வேண்டாம். வேண்டாத பொருளைக் கண்டவர் சுட்டியின் நடுப்பொத்தானால் குறிகாட்டிவிட்டு ஓட வேண்டும். உரியவர் கடக்கும்போது எடுத்துக்கொள்வார்.

15 பிப்ரவரி

எப்படிப் பேசி முடிப்பது, சமமாகப் பிரித்துக்கொள்வதுதானே நியாயம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பந்தியில் இலைதோறும் ஒரே அளவு பரிமாறுவது போலப் பிரித்தால் இந்த ஆட்டத்தில் எல்லோரும் அரைவயிற்றோடு எழுந்திருப்போம். காரணம், தாக்குதல் பொருட்கள் ஒன்றையொன்று பெருக்குபவை.

சிரிஞ்ச் என்னும் பொருள் ஒவ்வொன்றும் சுடும் வேகத்தை 15 சதவீதம் கூட்டும். மூக்குக்கண்ணாடி ஒவ்வொன்றும் கிரிட்டிக்கல் வாய்ப்பை 10 சதவீதம் கூட்டும். கிரிட்டிக்கல் விழுந்தால் அடி இரட்டிப்பு. குழுவுக்கு மொத்தம் 12 சிரிஞ்சும் 10 கண்ணாடியும் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவரின் தாக்குதலும் வெறுங்கையைப்போல் 1.8 மடங்கு ஆகும். நால்வரையும் கூட்டினால் 7.25. எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்தால் அவர் மட்டும் 5.6 மடங்கு, வெறுங்கையோடு இருக்கும் மூவரையும் சேர்த்தால் 8.6. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். உக்குலேலே போல, அடி பட்டதும் 25 சதவீத வாய்ப்பில் மின்னல் பாய்ச்சும் பொருட்கள் சேரச் சேர இந்த இடைவெளி இன்னும் விரியும். வேகமாகச் சுடுபவரிடமே அந்த வாய்ப்பு அதிக முறை விழும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் இரண்டு கட்டங்களில் பொருட்கள் குறைவாக இருக்கும்போது, ஒருவரிடம் குவிப்பதற்கும் பிரிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்போது அருகில் இருப்பவர் எடுத்துக்கொண்டு ஓடுவதே சரி, அதனால் மிஞ்சும் நேரமே லாபம். மூன்றாம் கட்டத்திலிருந்துதான் குவிப்பது பலன் தரத் தொடங்கும்.

16 பிப்ரவரி

"அப்படியென்றால் மற்ற மூவர் எதற்கு? ஒருவர் ஆட மூவர் வேடிக்கை பார்ப்பதற்கா நண்பர்களோடு உட்காருகிறோம்?"

இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. இதே காரணத்துக்காக எங்கள் குழுவில் ஒருவர் சில வாரங்கள் வராமலே இருந்தார். வெற்றி அதிகரித்த காலம் அது. வருகை குறைந்த காலமும் அதுவே. சற்று யோசித்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

19 பிப்ரவரி

யோசித்தேன். குவிப்பது என்பதற்கு எல்லாப் பொருளையும் ஒருவருக்கே கொடுப்பது என்று பொருள் இல்லை. எந்தப் பொருள் எப்படி வளர்கிறது என்று பார்த்தால், ஆட்டமே பங்கீட்டைச் சொல்லித்தருகிறது.

டஃபர் டைம்ஸ் என்னும் கரடிபொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்தால் அடியை முழுதாகத் தடுக்கும் வாய்ப்பு 13 சதவீதம், மூன்று இருந்தால் 31, பன்னிரண்டு இருந்தால் 64. நூறை அது ஒருபோதும் தொடாது. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு புதிய பொம்மையின் பலனும் குறைந்துகொண்டே போகும். பன்னிரண்டு பொம்மைகளை ஒருவருக்குக் கொடுத்து அவரை 64இல் நிறுத்துவதைவிட, நால்வருக்கும் மும்மூன்று கொடுத்து எல்லோரையும் 31இல் நிறுத்துவது குழுவுக்கு எவ்வளவோ மேல். முதல் குறிப்பில் சொன்ன, ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கும் அந்த அடிக்கு இதுவே மருந்து.

கண்ணாடி பத்தோடு நிறைந்துவிடும். பதினொன்றாவது கண்ணாடி வீண், அது அடுத்தவருக்குப் போக வேண்டும். 2022 மார்ச்சில் வந்த சர்வைவர்ஸ் ஆஃப் த வாய்ட் விரிவாக்கத்தில் சேர்ந்த ரெயில்கன்னர் இதற்கு விலக்கு: அவருக்குக் கிரிட்டிக்கல் வாய்ப்பெல்லாம் கிரிட்டிக்கல் அடியின் அளவாக மாறிவிடுவதால் எத்தனை கொடுத்தாலும் வீணாகாது. ஓட்ட வேகத்தை 14 சதவீதம் கூட்டும் ஆட்டுக்குளம்பை, ஒவ்வொருவரும் இரண்டு பெறும்வரை யாருக்கும் குவிக்கக் கூடாது. பின்தங்கி ஓடும் ஒருவருக்காக மூவர் காத்திருக்கும் நேரத்தைக் கடினத்தின் கணக்கு மன்னிக்காது.

சுருங்கச் சொன்னால் தாக்குவதை ஒருவரிடம் சேர்க்கலாம், உயிர் காப்பதையும் ஓடுவதையும் எல்லோருக்கும் பரப்ப வேண்டும். இப்படிப் பிரித்த பிறகு எங்களிடையே வேடிக்கை பார்க்கும் ஆள் என்று ஒருவர் இல்லாமல் போனார். தாக்குபவர் யார் என்பதையும் ரன்னுக்கு ரன் மாற்றிக்கொள்கிறோம். ஒரு வாரம் ஹன்ட்ரஸ், மறுவாரம் லோடர். சித்தி மகன் தன் முறை வரும் வாரத்தில் சனிக்கிழமை மதியமே செய்தி அனுப்பி நினைவூட்டுகிறான்.

25 பிப்ரவரி

பாத்திரங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. எல்லாவற்றையும் எழுத இது இடமல்ல. கூட்டாட்டத்தில் மதிப்பு மாறுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

தனியாக ஆடும்போது பஸ்ட்லிங் ஃபங்கஸை நான் தொடுவதே இல்லை. ஒரு வினாடி அசையாமல் நின்றால் சுற்றியுள்ளவர்களுக்கு உயிர் ஊறும் காளான் அது; ஓடிச் சுடும் ஆட்டத்தில் நிற்பவன் சாவான். ஆனால் என்ஜினியரின் நிலைத்த பீரங்கிகள் அவருடைய பொருட்களையெல்லாம் தாங்களும் பெறுபவை, இடம்விட்டு நகராதவை. அவரிடம் இரண்டு மூன்று காளான் சேர்ந்துவிட்டால், டெலிபோர்ட்டர் அருகே நட்ட இரண்டு பீரங்கிகளும் இரண்டு மருத்துவ முகாம்களாகிவிடும். முதல் காளான் வினாடிக்கு 4.5 சதவீத உயிர் தரும், அடுத்த ஒவ்வொன்றும் 2.25 சதவீதம் கூட்டும். அந்த வட்டத்துக்குள் வந்து நிற்கும் நண்பர் எவருக்கும் அது கிடைக்கும். எங்கள் குழுவில் வெள்ளைக் காளான் கண்ணில் பட்டால் யாரும் யோசிப்பதில்லை, அது என்ஜினியருடையது.

வார்பேனரும் அப்படியே. லெவல் ஏறும்போதும் டெலிபோர்ட்டர் தொடங்கும்போதும் நடப்படும் கொடியின் வட்டத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் சுடும் வேகமும் ஓட்ட வேகமும் 30 சதவீதம் கூடும். தனி ஆளுக்கு நடுத்தரமான பொருள்; நால்வருக்கு அது ஒரே கொடியில் நான்கு பேருக்கான பலன்.

கேப்டனின் ஹேக்கிங் பீக்கன் அருகிலுள்ள பெட்டிகளின் விலையை ஒவ்வொன்றாகச் சுழியாக்கும். கட்டத்துக்கு இரண்டு பீக்கன்தான் உண்டு. எங்கள் மூத்த நண்பர் பெட்டிகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடி அதை இறக்குவதில் காட்டும் பொறுமை எனக்கு வராது. அவசரக்காரன் என்பதால்தான் கம்பிவடத்தில் தொங்கிப் பறக்கும் லோடரைப் பிடித்துக்கொண்டேன்.

சுடும் ஆட்டங்களுக்குப் புதியவர் ஒருவர் குழுவில் இருந்தால் அவருக்கு ஹன்ட்ரஸைக் கொடுங்கள். அவருடைய அம்பு தானே குறி தேடிப் போகும், ஓடிக்கொண்டே எய்யலாம். குறிபார்ப்பதைப் பற்றிய கவலை இல்லாமல் ஓடவும் விலகவும் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. புதியவருக்கு இன்னொரு நல்ல செய்தி: குழுவில் எவரேனும் திறந்துவைத்த பொருட்கள் எல்லாம் அந்த ரன்னில் விழும். எனவே பழைய ஆட்டக்காரர்களோடு சேர்வதால் அவர் முதல் நாளிலேயே ஆட்டத்தின் முழுப் பெட்டகத்தையும் பார்த்துவிடுவார்.

4 மார்ச்

டெலிபோர்ட்டரைப் பற்றி ஒரு சண்டை எங்களுக்குள் அடிக்கடி வரும். தொடங்கிய டெலிபோர்ட்டர் நிரம்ப 90 வினாடி ஆக வேண்டியது ஏன் சில சமயம் மூன்று நிமிடம் இழுக்கிறது?

காரணம் இதுதான்: உயிரோடிருப்பவர்களில் எவ்வளவு பேர் டெலிபோர்ட்டரைச் சுற்றிய வளையத்துக்குள் நிற்கிறார்களோ அந்த விகிதத்தில்தான் அது நிரம்பும். நால்வரில் இருவர் வெளியே போய்விட்டால் வேகம் பாதி. "நீங்க பாஸைப் பாத்துக்கங்க, நான் விட்டுப்போன பெட்டியை முடிச்சிட்டு வர்றேன்" என்று ஒருவர் கிளம்புவது உதவி போலத் தோன்றும், ஆனால் அதில் இரட்டை நட்டம். வளையத்துக்கு வெளியே உள்ள பெட்டிகள் டெலிபோர்ட்டர் நிரம்பும்வரை பூட்டப்பட்டிருக்கும். போனவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அதற்குள் வளையத்தில் இருப்பவர்கள் கூடுதலான எதிரி அலைகளைச் சந்தித்திருப்பார்கள்.

பெட்டிகளை முன்பே திறந்து முடியுங்கள், அல்லது நிரம்பிய பிறகு திறவுங்கள். நிரம்பும் நேரத்தில் நால்வரும் உள்ளே. மேலே இருந்து கல் டைட்டன் கண்ணை உருட்டிக் கதிர் வீசினாலும், இன்னொரு பாஸான வேகிரண்ட் வெடிக்கக் காத்திருந்தாலும், வளைய எல்லையிலேயே ஒரு பாறை மறைவைத் தேடுங்கள். எல்லையைத் தாண்டி ஓடாதீர்கள்.

மலைக்கோயிலைத் தொடுவது பற்றி நால்வரும் ஒப்புக்கொண்ட பிறகே ஒருவர் தொட வேண்டும் என்பது எங்கள் கட்டாய விதி. ஒரு தொடுதலில் பாஸ் கூடும், பரிசும் கூடும். பரிசு தலைக்கு ஒன்று கூடுவதால் கூட்டாட்டத்தில் அது மிக நல்ல பேரம். இருந்தாலும் சொல்லாமல் தொட்டு மூன்று பேரைத் தயாரில்லாமல் மாட்டிவிடும் உரிமை யாருக்கும் இல்லை.

5 மார்ச்

மேலே "உயிரோடிருப்பவர்களில்" என்று எழுதியதைச் சிலர் கவனித்திருக்கிறார்கள். ஆம், செத்தவர் விகிதக் கணக்கில் இல்லை. அதனால் ஒருவர் இறந்த பிறகு மற்ற மூவர் வளையத்துக்குள் நின்றாலே முழு வேகம் வரும். அதோடு, ஒருவர் தப்பி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாலே இறந்தவர்கள் எல்லோரும் அங்கே எழுந்துவிடுவார்கள்.

கூட்டாட்டத்தின் மிக நல்ல நிமிடங்கள் எனக்கு அங்கேதான் கிடைத்திருக்கின்றன. மூவர் செத்துவிட்டார்கள், தப்பியவர் ஒருவரே, டெலிபோர்ட்டர் எண்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அப்போது செத்தவர்கள் மூவரும் அவர் முதுகைப் பார்க்கும் கண்கள். "பின்னாடி லெமூரியன்", "இடது பக்கம் ஏறு", "உருண்டுரு, உருண்டுரு" என்று மூன்று குரல்கள். இவற்றில் ஒன்றுதான் அவருக்குக் காதில் விழ வேண்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடுவார். முதலில் செத்தவர் மட்டும் பேசுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அவர்தான் நெடுநேரமாகக் களத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். இந்த ஆட்டத்துக்கு இசையமைத்த கிறிஸ் கிறிஸ்டோடூலூவின் கிட்டார் இசையை நான் எவ்வளவு விரும்பினாலும் அந்த நிமிடங்களுக்காகவே ஒலியைப் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

18 மார்ச்

பொருட்களை எல்லோருக்கும் ஒரேபோலப் பகிரும் ஷேர்சூட் என்னும் மாட் (ஆட்டத்தை மாற்றும் சேர்ப்பு நிரல்) போட்டால் இந்தப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடுமே என்று எழுதியவருக்கு: தீரும். புதியவர்களோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க அது நல்ல வழி. ஆனால் யாருக்கு எது என்று முடிவெடுப்பதுதான் எனக்கு இந்தக் கூட்டாட்டத்தின் உயிர். அதை நீக்கினால் நால்வர் அருகருகே தனித்தனியாக ஆடுவது போல் ஆகிவிடுகிறது. ஒரு முறை எங்கள் என்ஜினியர் கிடைத்தற்கரிய சிவப்புப் பொருளான டியோஸ் பெஸ்ட் ஃப்ரெண்டை, செத்தால் உடனே எழுப்பும் பொருளை, எடுக்கக்கூடிய தூரத்தில் நின்றும் எடுக்காமல் ஹன்ட்ரஸுக்குக் குறிகாட்டினார். அடுத்த கட்டத்திலேயே அது அவனைக் காத்தது. மாட் இருந்தால் அந்தத் தருணம் நடந்திருக்காது.

ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும், விதிகளை மாற்றும் ஆர்ட்டிஃபேக்ட்களில் கமாண்ட், விழும் பொருளை நாமே தேர்ந்தெடுக்க விடும். பங்கீடு எளிதாகும், ஆனால் ஒவ்வொரு பெட்டியின் முன்பும் பட்டியலைப் பார்த்து யோசிக்கும் நேரம் கூடும். நேரத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு அதை நான் பரிந்துரைக்க முடியாது. சேக்ரிஃபைஸ் போட்டால் பெட்டிகள் மறைந்து, கொல்லப்படும் எதிரிகளிடமிருந்து பொருள் விழும். எல்லோரும் ஒரே இடத்தில் சண்டையிடுவதால் குழு சிதறுவதில்லை. எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுவே. கேயாஸ் போட்டால் நண்பனையும் நம் குண்டு துளைக்கும். டெத் போட்டால் ஒருவர் செத்ததும் எல்லோரும் சாவார்கள். அது பழகிய குழுவுக்கு மட்டும்.

2 ஏப்ரல்

நடுவில் ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்த ஆட்டத்தில் ரன்னைப் பாதியில் சேமித்துவைக்க முடியாது. அறையைத் திறந்தவரின் கணினியில்தான் எல்லாம் ஓடுகிறது. அவருடைய இணைப்பு போனால் நால்வரின் ரன்னும் போகும். ஆகவே அறையைத் திறப்பவரைத் தேர்வதில் நட்பையும் மூப்பையும் பார்க்காதீர்கள். யுபிஎஸ் உள்ளவர், கம்பிவழி இணைப்பு உள்ளவர், மற்ற மூவருக்கும் சராசரியாக அருகில் இருப்பவர் திறக்கட்டும். எங்களில் இருவர் தமிழ்நாட்டில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோலாலம்பூரில் இருக்கிறோம். சிங்கப்பூர்க்காரர் திறந்தால்தான் எல்லோருக்கும் சகிக்கக்கூடிய தாமதம் வருகிறது. தாமதம் கூடியவர் கைகலப்புப் பாத்திரங்களைத் தவிர்ப்பது நல்லது. விலகிவிட்டோம் என்று அவர் திரையில் தெரிந்த பிறகும் அடி வந்து விழும்.

நேரத்தையும் முன்கூட்டிப் பேசுங்கள். ஒரு ரன் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடும், கடைசிக்குப் போகாமல் கட்டங்களைத் திரும்பச் சுற்றினால் இன்னும் நீளும். நடுவில் ஒருவர் சாப்பிடப் போக வேண்டுமென்றால், டெலிபோர்ட்டர் நிரம்பிய பிறகு நின்று காத்திருப்பதும் இலவசம் அல்ல. கடிகாரம் அங்கேயும் ஓடுகிறது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

9 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் தன் குழு கடைசிக் கட்டமான கமென்ஸ்மென்ட் வரை போய்ச்சேர்ந்ததையும், மித்ரிக்ஸின் கடைசிப் பகுதியில் நால்வரும் விழுந்ததையும் எழுதியிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி. அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொன்ன பங்கீடு முழுவதும் அங்கே தலைகீழாகிறது.

நான்காவது பகுதியில் மித்ரிக்ஸ் எல்லோருடைய பொருட்களையும் பறித்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்வான். அவனுக்கு அடி விழ விழ அவை உரியவர்களிடம் திரும்பி வரும். ஆகவே நீங்கள் ஒருவரிடம் குவித்த சிரிஞ்சும் கண்ணாடியும் இப்போது உங்கள் நால்வரை நோக்கி வரும். பறிபோன கணத்தில், பத்துக் கண்ணாடி வைத்திருந்தவரும் காளான் மட்டும் வைத்திருந்தவரும் ஒரே நிலையில் நிற்கிறீர்கள். பாத்திரத்தின் சொந்தத் திறன் மட்டுமே கையில் இருக்கும். குவித்துக்கொண்டவர் பொருளை நம்பியே ஆடிப் பழகியிருப்பதால் பெரும்பாலும் முதலில் விழுபவர் அவரே.

நாங்கள் செய்வது இது. பறிபோனவுடன் யாரும் அவனை நெருங்குவதில்லை. நால்வரும் நான்கு திசையில் விலகுகிறோம், அவன் ஒருவரைத்தான் துரத்த முடியும். துரத்தப்படுபவர் சுடாமல் ஓட்டத்தில் மட்டும் கவனம் வைக்கிறார், மற்ற மூவர் தூரத்திலிருந்து சுடுகிறார்கள். அவன் திரும்பினால் வேலையும் மாறும். முதல் சில பொருட்கள் திரும்பியதும் சண்டை இலகுவாகத் தொடங்கும். அதுவரை அடி வாங்காமல் இருப்பதே குறி. இங்கே ஹன்ட்ரஸின் தானே தேடும் அம்பும் கேப்டனின் துப்பாக்கியும் பொருள் இல்லாமலே பயன்படுபவை. லோடர் முஷ்டியை ஓங்கிக்கொண்டு அருகில் போக வேண்டியிருப்பதால், அந்தப் பகுதியில் துரத்தப்படும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கம்பிவடத்தை வீசித் தூண்களைப் பிடித்துக்கொண்டு அரங்கைச் சுற்றிச்சுற்றி வருவேன், அவன் பின்னால் வருவான், மூவரும் சுடுவார்கள்.

உங்கள் குழுவில் வேகமாக நகரக்கூடியவர் யார் என்று எழுதுங்கள். அவர் அங்கே ஆட்டுக்குளம்பை நம்பக் கூடாது, அது பறிபோகும். குளம்பில்லாமல் ஓடிப் பழக, முதல் கட்டத்திலேயே நான்கைந்து நிமிடம் எதிரிகளைச் சுடாமல் விலகி ஓடச் சொல்லுங்கள். அந்தப் பழக்கத்துக்கென்று தனியாக ஒரு ரன்னைத் தொடங்கி, முடிந்ததும் கலைத்துவிடலாம்.